412 கோயில் கல்வெட்டு, சிற்பப் படங்களை மொத்தமாகச் சுருக்கிக் கூர்மைப்படுத்திய பதிவு

மூன்றாவது ஓட்டத்தில், அதாவது மென்பொருளில் மூன்றாம் முறை ஓட்டியபோது, 412 படங்களும் சரியாக வந்தன. கருங்கல் கருங்கல்லாகவே தெரிகிறது, எழுத்தின் வெட்டு கண்ணுக்குப் பிடிபடுகிறது, குங்குமம் குங்கும நிறத்திலேயே இருக்கிறது. முதல் இரண்டு ஓட்டங்களில் இந்த மூன்றில் ஏதோ ஒன்று கெட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த முறை இதே வேலை வரும்போது மறுபடியும் முதலிலிருந்து தடவக் கூடாது என்பதற்காக, எந்த மென்பொருளில் எந்த எண் வேலை செய்தது, எங்கே சறுக்கியது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறோம்.

கையில் இருந்தவை: 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த 403 ஜேபெக் படங்கள், ஒவ்வொன்றும் 6000×4000 பிக்சல், 8 முதல் 11 எம்.பி. பழைய பிரிண்டிலிருந்து ஸ்கேன் செய்த 9 படங்கள், அவற்றின் நீளப் பக்கம் 1024 பிக்சல்தான். முக்கால்வாசிப் படங்கள் கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் ஜகதி என்ற கீழ்ப்படையிலும், குமுதம் என்ற வளைந்த படையிலும், சுவரிலும் ஓடும் கல்வெட்டு வரிகள். மீதி கோட்டத்துச் (சுவர் மாடத்து) சிற்பங்கள், கருவறைமேல் எழும் விமானத்தின் மேல்தளங்கள், ஒரு தீப வரிசை.

வேண்டியவை: இணையத்துக்கு நீளப் பக்கம் 1600 பிக்சல், ஆல்பத்துக்கு 4×6 பிரிண்ட், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 1800×1200, சட்டம் போட 40 படங்கள் 12×18 அளவில், 5400×3600. கணினி 8 ஜி.பி. நினைவகம் கொண்ட சாதாரண விண்டோஸ் இயந்திரம். மென்பொருள் செலவு ஒன்றுமில்லை. சோதனை பிரிண்ட் 24, ஒன்று 15 ரூபாய் வீதம் 360 ரூபாய்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே செய்த ஒரு வேலைதான் பிறகு காப்பாற்றியது. மெமரி கார்டின் பக்கவாட்டில் உள்ள பூட்டைத் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, கணினியில் ஒரு பிரதி எடுத்துவிட்டு, கணினிப் பிரதியில் மட்டும் வேலை பார்த்தோம். கோயில் படத்துக்கு இது இரட்டிப்பு அவசியம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல பத்தாண்டுகளுக்கு முன் எடுத்து வைத்த படங்கள்தான், களவுபோய் வெளிநாட்டில் கிடைத்த சிலைகள் எந்தக் கோயிலுடையவை என்பதற்குச் சாட்சியாக நின்றன. சுருக்கிக் கூர்மைப்படுத்திய படம் பார்ப்பதற்கு. சாட்சி சொல்வது மூலப் படம்.

எதைப் பார்த்துத் தேர்ந்தது

பெரும்பாலோர் "எந்த மென்பொருளில் ஷார்ப்னெஸ் நன்றாக வருகிறது" என்று கேட்டுத்தான் தொடங்குவார்கள். அது கடைசிக் கேள்வி. முதலில் கேட்க வேண்டியது: சுருக்கிய பிறகு கூர்மைப்படுத்துகிறதா, அதற்கு முன்பே செய்துவிடுகிறதா? 6000 பிக்சலில் போட்ட கூர்மை 1600-க்குச் சுருங்கும்போது பெரும்பாலும் கரைந்துபோகும். சுருக்குவதே படத்தைக் கொஞ்சம் மழுங்க வைக்கும் வேலை. அந்த மழுங்கலை ஈடுகட்டத்தான் கூர்மை, ஆகவே அது பின்னால்தான் வர வேண்டும். அடுத்து: சிறிய படத்தைப் பெரிதாக்காமல் விடத் தெரியுமா? நிமிர்த்தி எடுத்த படத்தைச் சரியாகத் திருப்புமா? நிற வெளியை, அதாவது படத்தின் எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்ற முறையை, மாற்றுமா? கூர்மைக்கு ஒரே ஒரு எண்தானா, அல்லது ஆரம் (எவ்வளவு அகலத்துக்கு), பலம், வரம்பு (எதற்குக் கீழே தொடாமல் விடுவது) என்று மூன்றும் தனித்தனியாகக் கையில் கிடைக்குமா?

லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஏற்றுமதி செய்யும் பெட்டியிலேயே திரை, மேட் தாள், கிளாஸி தாள் என மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று நிலை. அளவைப் பொறுத்து அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் அது சந்தா மென்பொருள். வருடத்தில் இரண்டு முறை வரும் இந்த வேலைக்கு மாதாமாதம் கட்டுவது கட்டுப்படியாகாது. எண்களையும் நம் கையில் தராது. ஆகவே இர்ஃபான்வியூ, எக்ஸ்என்கன்வெர்ட், இமேஜ்மேஜிக் என்ற மூன்றையும் எடுத்துக்கொண்டோம். முதல் இரண்டும் சொந்த உபயோகத்துக்கு இலவசம். தொழிலுக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும், ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். இமேஜ்மேஜிக் திறந்த மூல மென்பொருள், எதற்கும் தடையில்லை.

முதல் ஓட்டம்: இர்ஃபான்வியூ

இர்ஃபான்வியூவைத் திறந்து பி விசையைத் தட்டினால் பல படங்களை மொத்தமாக மாற்றும் பேட்ச் பெட்டி வந்துவிடும். படங்களைச் சேர்த்து, மேம்பட்ட அமைப்புகளில் நீளப் பக்கம் 1600, மறுமாதிரிக்கு (சுருக்கும் கணக்குக்கு) லான்க்சோஸ் முறை, சிறிய படத்தைப் பெரிதாக்காதே, ரீசாம்பிளுக்குப் பிறகு ஷார்ப்பன், எக்சிஃப் (கேமரா கோப்புக்குள் எழுதிவைக்கும் விவரம்) குறிப்பின்படி திருப்பு என்ற ஐந்து இடத்திலும் கைவைத்தோம். ஷார்ப்பன் எண் 1 முதல் 99 வரை போகும். 25 வைத்து ஓட்டினோம். 412 படம் ஆறு நிமிடத்தில் முடிந்தது.

சிற்பப் படங்களும் விமானமும் நன்றாக இருந்தன. கல்வெட்டுதான் கெட்டுப்போனது. எழுத்தை விடக் கல்லின் மணி, அதாவது அதன் சிறு துகள், முந்திக்கொண்டு வந்து நின்றது. பாறையில் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். எண்ணை 10-க்கு இறக்கினால் புள்ளி அடங்கியது, எழுத்தும் சேர்ந்து அடங்கியது.

காரணம் அளவில் இருக்கிறது. 6000-லிருந்து 1600-க்கு வரும்போது 3.75 மடங்கு சுருங்குகிறது. மூலத்தில் மூன்று நான்கு பிக்சல் அகலம் இருந்த கல்மணி இப்போது ஒரு பிக்சல். எழுத்தின் வெட்டோ சுருங்கிய பிறகும் ஐந்து முதல் எட்டு பிக்சல் அகலம் இருக்கிறது. ஒற்றை எண் ஷார்ப்பன் பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையேயான வேறுபாட்டைத்தான் தூக்குகிறது, அதாவது நேராகக் கல்மணியை. எழுத்து விளிம்பு அவ்வளவு செங்குத்தாக இல்லை. பல நூறு ஆண்டு மழையில் தேய்ந்து சரிந்த விளிம்பு அது. அதைத் தூக்க ஆரத்தைப் பெரிதாக்க வேண்டும், இந்தப் பெட்டியில் ஆரத்துக்கு இடமில்லை.

குடும்ப விழா, பள்ளி ஆண்டுவிழா, வீட்டு மனைப் படங்கள் போன்றவற்றுக்கு இன்றும் முதலில் சொல்வது இர்ஃபான்வியூவைத்தான். லான்க்சோஸ், ஷார்ப்பன் 15 முதல் 25, ஜேபெக் தரம் 85 என்று வைத்தால் போதும். கரடுமுரடான பரப்புதான் அதற்கு ஒத்துவரவில்லை.

இரண்டாவது ஓட்டம்: எக்ஸ்என்கன்வெர்ட்

இதில் செயல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கலாம், இழுத்து வரிசையை மாற்றலாம். எந்த வேலை முதலில், எது பிறகு என்பது கண்ணுக்கு நேராகத் தெரிவது பெரிய வசதி. அளவு மாற்றம், அதன் கீழே அன்ஷார்ப் மாஸ்க். அளவு மாற்றத்தில் 'குறைக்க மட்டும்' என்பதைத் தேர்ந்ததால் ஸ்கேன் படங்கள் 1024-லேயே நின்றன. அன்ஷார்ப் மாஸ்கில் ஆரம் தனியாகக் கிடைத்தது, அதுதான் தேவைப்பட்டது.

அன்ஷார்ப் மாஸ்க் என்ற பெயர் இருட்டறைக் காலத்தது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மழுங்கலாக ஒரு பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒட்டிவைத்துப் பிரிண்ட் போடுவார்கள். மங்கிய பகுதி கழிந்து விளிம்பு மட்டும் துருத்தி நிற்கும். மென்பொருளும் அதையேதான் செய்கிறது. ஆரம் என்பது அந்த மழுங்கல் எவ்வளவு அகலம் என்பது. பலம் என்பது விளிம்பை எவ்வளவு தூக்குவது. வரம்பு என்பது இதற்குக் கீழான வேறுபாட்டைத் தொடாதே என்ற எல்லை.

கல்மணியை வரம்பை வைத்து அடக்கலாம் என்று நினைத்து ஒரு மாலை முழுக்க அந்த எண்ணையே நகர்த்திக்கொண்டிருந்தது தவறான வழி. வரம்பு அடக்குவது நிழலில் உள்ள சென்சார் இரைச்சலை. கருங்கல்லின் மணி அதைவிடப் பல மடங்கு பலமான வேறுபாடு. அதை அடக்கும் அளவுக்கு வரம்பை உயர்த்தினால் தேய்ந்த எழுத்தும் சேர்ந்தே அடங்கிவிடும். கடைசியில் பலித்தது இதற்கு நேர் எதிரான வழி: ஆரம் 2 பிக்சல், பலம் 30 சதவீதம், வரம்பு சுழி. ஆரம் 0.6, பலம் 80 வைத்தால் மணி மட்டும் எழும்பும். ஆரம் 2, பலம் 30 வைத்தால் மணியும் எழுத்தும் ஒரே அளவு எழும்பும், பலம் குறைவு என்பதால் மணி உறுத்தாது. குமுதப் படையின் வளைவில் ஓடும் வரிகள் இதில்தான் முதன்முறையாகத் தொடர்ந்து படிக்கும்படி ஆயின.

இத்தனை எண்ணும் பக்கவாட்டு ஒளியில் எடுத்த படத்துக்கே உதவின என்பதையும் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் நேராக ஒளி விழுந்து எடுத்த 20 படங்களில் வெட்டின் நிழலே இல்லை. எந்த மென்பொருளாலும் இல்லாத நிழலைக் கொண்டுவர முடியாது. அவற்றைக் காலை வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும் நேரத்தில் மறுபடி எடுக்க வேண்டும். எழுத்தில் மாவு தடவி எடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது கல்லுக்கு நல்லதல்ல.

இரண்டாவது ஓட்டத்தில் கெட்டது நிறம். சிற்பங்களின் நெற்றிக் குங்குமமும் மஞ்சளும் சோர்ந்துபோய், காய்ந்த செங்கல் நிறத்தில் வந்தன. சாம்பல் நிறக் கல்லில் வித்தியாசம் தெரியாததால், கல்வெட்டுப் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை இது கண்ணில் படவில்லை. கோப்பின் பெயரைப் பார்த்ததும்தான் விளங்கியது: 140 படங்களின் பெயர் அடிக்கோட்டில் (_) தொடங்கியது. கேமரா அடோப் ஆர்ஜிபி நிறவெளியில் எடுத்திருந்தால் பெயரின் முதல் எழுத்து அடிக்கோடாக வரும். சில கேமராக்கள் இப்படி எடுத்தாலும் எந்த நிறவெளி என்று சொல்லும் நிற புரொஃபைலைக் கோப்புக்குள் பதிப்பதில்லை, எக்சிஃபில் ஒரு குறிப்பை மட்டும் விடுகின்றன. புரொஃபைல் இல்லாத கோப்பை திரைக்கும் இணையத்துக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்று என்றால் பல மென்பொருள்களுக்கு எதிலிருந்து மாற்றுவது என்று தெரியாது. ஏற்கெனவே எஸ்ஆர்ஜிபிதான் என்று எடுத்துக்கொண்டு எண்களை அப்படியே விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

மூன்றாவது ஓட்டம்: இமேஜ்மேஜிக்

இந்த நிறச் சிக்கலுக்காகத்தான் கட்டளை வரிக்குப் போனோம். 412-ஐயும் உடனே ஓட்டாமல், கல்வெட்டு ஆறு, சிற்பம் மூன்று, தீபம் ஒன்று, ஸ்கேன் இரண்டு என்று 12 படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்துச் சோதித்தோம். நல்லவேளை, இரண்டு பெரிய தவறுகளும் அந்த 12 படத்தோடு போயின.

முதல் தவறு: மோக்ரிஃபை என்ற கட்டளை மூலக் கோப்பின்மேலேயே எழுதும். அதன் வேலையே அதுதான், வழிகாட்டியில் தெளிவாகவே இருக்கிறது. பாத் என்ற தேர்வைக் கொடுத்து வெளியீட்டு ஃபோல்டரைக் காட்டினால்தான் மூலம் பிழைக்கும். அந்த ஃபோல்டரையும் முன்கூட்டியே உருவாக்கி வைக்க வேண்டும், அதுவாக உருவாக்காது.

இரண்டாவது தவறு கண்டுபிடிக்கக் கடினமானது. 1600-க்கு மேல் இருந்தால் மட்டும் சுருக்கு என்பதற்கு அளவுக்குப் பின்னால் '>' குறி போட வேண்டும். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் அந்தக் குறிக்கு 'வெளியீட்டைக் கோப்பில் எழுது' என்று வேறு பொருள். மேற்கோள் குறிக்குள் வைக்காததால், குறி காணாமல் போய் ஸ்கேன் படங்கள் 1600-க்கு ஊதிப்போயின. அதற்கு அடுத்து இருந்த சொல் ஸ்ட்ரிப், படத்தோடு ஒட்டிய குறிப்புகளை நீக்கும் கட்டளை. அந்தச் சொல்லின் பெயரில் ஃபோல்டரில் ஒரு காலிக் கோப்பு முளைத்திருந்தது. அதாவது ஸ்ட்ரிப் கட்டளை இமேஜ்மேஜிக்குக்குப் போய்ச் சேரவே இல்லை. படத்தோடு ஒட்டியிருந்த ஜிபிஎஸ் குறிப்பு அப்படியே இருந்தது. காவல் இல்லாத சிறு கோயிலின் சிலைப் படத்தை, துல்லியமான இருப்பிடத்தோடு இணையத்தில் ஏற்றுவது சிலைத் திருடனுக்கு வழி காட்டுவதுபோல் ஆகும். இப்போதெல்லாம் அளவைக் கண்டிப்பாக இரட்டை மேற்கோளுக்குள் வைக்கிறோம். முடிந்த பிறகு எக்சிஃப்டூல் என்ற, இந்தக் குறிப்புகளைப் படிக்கும் மென்பொருளைக் கொண்டு ஜிபிஎஸ் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கிறோம்.

கடைசியில் நிலைத்த வரிசை இது. முதலில் ஆட்டோ ஓரியன்ட். இது பிக்சலையும் திருப்பி, 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பையும் அழித்துவிடும். குறிப்பு மிஞ்சினால் பார்க்கும் மென்பொருள் இன்னொரு முறை திருப்பி, படத்தைச் சாய்த்துவிடும். அடுத்து அடிக்கோட்டுப் படங்களுக்கு மட்டும் புரொஃபைல் தேர்வு இரண்டு முறை: முதலில் அடோப் ஆர்ஜிபி, பிறகு எஸ்ஆர்ஜிபி. புரொஃபைல் இல்லாத கோப்புக்கு முதல் சொல் பெயர் சூட்டுகிறது, இரண்டாம் சொல் மாற்றுகிறது. இந்த ஒரு வரியில் குங்குமம் திரும்பி வந்தது. அதன்பின் ஃபில்டர், ரீசைஸ், அன்ஷார்ப், நிற மாதிரி விகிதம் 4:4:4 (நிற விவரத்தைக் குறைக்காமல் சேமிப்பது), தரம் 88, கடைசியாக ஸ்ட்ரிப். ஸ்ட்ரிப் நிற புரொஃபைலையும் சேர்த்து அழிக்கும், ஆகவே அது நிறமாற்றத்துக்கு முன்னால் வரவே கூடாது. உரிமைக் குறிப்பும் போய்விடுவதால் அதை எக்சிஃப்டூலால் பிறகு எழுதிச் சேர்த்தோம். 4:4:4 எதற்கு என்றால், சாம்பல் கல்லின்மேல் உள்ள சிவப்புப் பொட்டின் ஓரம் 4:2:0-இல் கசிந்து தெரியும்.

கல்வெட்டுக்கு ஃபில்டர் மிட்செல், அன்ஷார்ப் சிக்மா (இமேஜ்மேஜிக்கில் ஆரத்தின் வேலையைச் செய்யும் எண்) 2, பலம் 0.3, வரம்பு 0. லான்க்சோஸை விட மிட்செல் சற்று மென்மை, கல்மணிக்கு அதுவே நல்லது. சிற்பத்துக்கும் விமானத்துக்கும் லான்க்சோஸ், சிக்மா 0.6, பலம் 0.7, வரம்பு 0.02, அந்த 0.02 என்பது 255 படியில் ஏறக்குறைய 5 படி. தீப வரிசைக்கு மட்டும் நேர்கோட்டு ஒளிக் கணக்கில், அதாவது எண்ணும் ஒளியும் ஒரே விகிதத்தில் கூடும் கணக்கில், சுருக்கினோம்: ரீசைஸுக்கு முன் ஆர்ஜிபி நிறவெளி, பின் மறுபடி எஸ்ஆர்ஜிபி. சிறிய சுடர்கள் அப்போதுதான் மங்காமல் வருகின்றன. இதை எல்லாப் படத்துக்கும் போட்டுப் பார்த்தபோது, வானத்தை ஒட்டிய விமான விளிம்பில் கறுப்புக் கோடு விழுந்தது. அதனால் விளக்குப் படங்களோடு நிறுத்திக்கொண்டோம்.

முழு ஓட்டம் 14 நிமிடம். எக்ஸ்என்கன்வெர்ட் மூன்று நிமிடத்தில் முடித்தது, ஆனால் இந்த வேகக் குறைவு பொருட்டில்லை. ஒரு கல்வெட்டுப் படம் கூர்மைக்கு முன் 430 கே.பி., பின் 560 கே.பி. கூர்மை கூடினால் கோப்பும் பெருக்கும், கே.பி. கட்டுப்பாடு உள்ள தளத்துக்கு ஏற்றுபவர்கள் தரத்தைக் குறைப்பதற்கு முன் கூர்மையைக் குறைத்துப் பார்க்கலாம்.

சரிபார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் திரை அளவு 125 சதவீதத்தில் இருந்தால் உலாவி படத்தை ஊதிக் காட்டும், எல்லாமே மழுங்கலாகத் தெரியும், கை தானாகக் கூர்மையைக் கூட்டும். அளவை 100-க்குக் கொண்டுவந்து, ஒரு படப் பிக்சல் ஒரு திரைப் பிக்சலாக வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கைப்பேசித் திரையை மட்டும் நம்பினாலும் தவறு. அதன் நெருக்கமான பிக்சலில் கூர்மை மிஞ்சும்போது விளிம்பைச் சுற்றி விழும் ஓர வளையம் கண்ணுக்கே படாது.

பிரிண்ட்

திரைக்குப் போட்ட எண் தாளுக்குப் போதாது. 300 கணக்கில் ஒரு பிக்சல் 0.085 மில்லிமீட்டர், அந்த அகலத்தில் விழும் ஓர வளையத்தைக் கை நீட்டும் தூரத்தில் யாரும் பார்க்க முடியாது. ஆகவே திரையில் சற்றுக் கரகரப்பாகத் தெரிந்தால்தான் தாளில் சரியாக இருக்கும். 4×6-க்கு சிக்மா 1, பலம் 0.8 நிலைத்தது. முதல் எட்டு சோதனைப் பிரிண்டும் வீண், ஏனென்றால் லேபின் இயந்திரம் தன் பங்குக்கும் கூர்மையும் கான்ட்ராஸ்டும் சேர்த்துவிட்டது. கொடுக்கும்போதே "கரெக்ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்க" என்று சொல்லி, கவரிலும் எழுதிவிட வேண்டும்.

12×18-க்குப் பெரிய பிரிண்ட் போட்டுச் சோதிக்கத் தேவையில்லை. 5400×3600-க்குச் சுருக்கிக் கூர்மைப்படுத்திய படத்திலிருந்து 1800×1200 துண்டை மட்டும் வெட்டி, அதை 4×6-ஆகப் போட்டால், பெரிய படத்தின் ஒரு பகுதி ஏறக்குறைய அதே அளவில் கையில் வந்துவிடும். 15 ரூபாயில் முடிவு தெரிந்துவிடுகிறது. இதில் 6000-லிருந்து 5400-க்குத்தான் இறங்குகிறோம் என்பதால் சுருக்கத்தில் கரையாத இரைச்சல் அப்படியே இருக்கும், சிக்மா 1.2, பலம் 0.9, வரம்பு 0.02 என்று நிழல் பகுதியைக் காப்பாற்றினோம்.

அடுத்த முறை மாற்றப்போவது மூன்று. கேமராவை முதலிலேயே எஸ்ஆர்ஜிபியில் வைத்துவிட்டால் புரொஃபைல் வேலை முழுக்க மிச்சம். கல்வெட்டு, சிற்பம், விளக்கு என்று படம் எடுத்த அன்றே தனி ஃபோல்டரில் பிரித்துவிட வேண்டும். 412-ஐப் பின்னால் உட்கார்ந்து பிரிக்க இரண்டு மணி நேரம் போனது. லேபுக்கு முதல் நாள் இரண்டே இரண்டு பிரிண்ட் மட்டும் அனுப்பி, கரெக்ஷன் அணைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவை. அந்த எட்டுப் பிரிண்டின் 120 ரூபாயில் உச்சி வெயில் படங்கள் 20-ஐ மறுபடி எடுக்கப் போய்வரப் பேருந்துச் செலவு சரியாக இருந்திருக்கும்.